கடற்கரை வீட்டில் துணிச் சாயம், வெயில் படம், ஒட்டுத்துணி விரிப்பு: ஒரு செய்முறை

இராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோர ஊர்களில் துணிக்குச் சாயமேற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தண்ணீரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்முறை சொல்லும் காணொளிகளில் பெரும்பாலானவை குழாயைத் திறந்தால் மென்னீர் வரும் ஊர்களை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுவதால், தண்ணீரைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இருப்பதில்லை. மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ வசிப்பவருக்கு அந்த ஒரு செய்திதான் முதலில் தேவைப்படுகிறது. ஏனெனில், காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய், ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர், குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடியிலிருந்து பிடித்து வைத்த மழைநீர் என்று இங்கே ஒரே வீட்டில் நான்கு வகை நீர் புழங்கக்கூடும். நான்கும் ஒரே சாயத்துக்கு நான்கு விதமான நிறத்தைக் கொடுத்துவிடும்.

சாயமேற்றுதல், படத்தைத் திருத்தி விளையாடுதல், ஒட்டுத்துணி தைத்தல் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பொழுதுபோக்குகளாகத் தொடங்குவதைவிட, மூன்றும் சேர்ந்து ஒரே பொருளாக முடியும்படி திட்டமிடுவது நல்லது என்பது என் கருத்து. ஆகவே இந்தச் செய்முறை முழுவதும் முப்பது அங்குலச் சதுரமான ஒரு மெல்லிய விரிப்பை நோக்கிச் செல்கிறது. அதில் பத்து அங்குலக் கட்டங்கள் ஒன்பது இருக்கும். ஐந்து கட்டங்கள் சாயமேற்றியவை, நான்கு கட்டங்கள் கைப்பேசியில் எடுத்த படத்தையோ கடற்பாசியையோ வெயிலில் அச்சிட்டவை. ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் சதுரங்கப் பலகையின் ஒழுங்கு தானே வந்துவிடும். இவ்வளவு சிறிய பொருளுக்குத் துணியும் தண்ணீரும் குறைவாகவே செலவாகும் என்பதால், கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடுள்ள வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

தண்ணீரைச் சோதித்தல்

சோதனைக்கு ஆய்வகம் வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுக்காய்ப் பொடியே போதும். ஒரு சிட்டிகைப் பொடியை மழைநீரில் அல்லது சுத்திகரித்த குடிநீரில் கரைத்து, தெளிந்த பின் அந்தச் சாற்றை வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொன்றிலும் வீட்டில் உள்ள ஒவ்வொரு தண்ணீரையும் சேர்த்துக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகவே இருந்தால் அந்தத் தண்ணீரில் இரும்பு இல்லை அல்லது மிகக் குறைவு. சாம்பல் நிறமோ கருமையோ படர்ந்தால் இரும்பு இருக்கிறது; கடுக்காயின் துவர்ப்புச் சத்தான டானினும் இரும்பும் சேர்ந்து கருமையாவதே காரணம். அத்தகைய தண்ணீரில் சிவப்பும் மஞ்சளும் எவ்வளவு முயன்றாலும் மங்கித்தான் விழும்.

அடுத்து, ஒரு புட்டியில் தண்ணீரும் டிடர்ஜென்ட் அல்லாத சலவைச் சோப்பின் சிறு துண்டும் போட்டுக் குலுக்க வேண்டும். நுரை நிற்காமல் வெண்மையான பிசுக்கு மிதந்தால் அது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர். கடின நீர் எல்லாவற்றுக்கும் தீமையானது என்று எண்ணிவிட வேண்டாம். வேர்களிலிருந்து கிடைக்கும் சிவப்புச் சாயம் படிகாரத்தில் உள்ள அலுமினியத்தோடு சுண்ணாம்புச் சத்தும் சேரும்போதுதான் நன்றாக இறுகுகிறது. இரும்பில்லாத கடின நீர் அதற்கு உதவியே செய்யும். ஆனால் கடைச் சாயத்துக்கும் வெயில் அச்சுக்கும் கடின நீர் ஆகாது. அவற்றுக்கு மழைநீரையோ நல்ல தண்ணீரையோ ஒதுக்கிவிட வேண்டும். எந்த முறையானாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான் நடக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாகக் கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் அலசிய துணியில் தங்கும் உப்பு, கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், அந்தத் துணி எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் மொறுமொறுப்பாகக் காய்வதில்லை.

துணியைத் தேர்ந்தெடுப்பதும் கஞ்சி எடுப்பதும்

பருத்திக் காடாத் துணியே இதற்கு ஏற்றது. நெசவு ஊர்களான பரமக்குடியும் எமனேசுவரமும் நம் மாவட்டத்திலேயே இருப்பதால் நல்ல பருத்தித் துணி தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பழைய வெள்ளை வேட்டியும் பயன்படும். துணி பருத்திதானா என்ற ஐயம் இருந்தால் ஓரத்து நூல்களைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி; உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் கலந்தது, அதில் இங்கே சொல்லும் சாயம் எதுவும் முழுமையாகப் பிடிக்காது.

தறியிலிருந்து வரும் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சியும் இயற்கையான மெழுகும் இருக்கும். அவற்றை நீக்காமல் சாயமேற்றினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். துணியை ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்துவிட்டு, 100 கிராம் துணிக்கு 2 கிராம் சலவைச் சோடாவும் சிறிது சலவைக் கட்டித் துருவலும் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் பழுப்பாக மாறுவதைப் பார்த்தால் புதுத் துணி எவ்வளவு அழுக்கைச் சுமந்திருந்தது என்பது விளங்கும். நன்றாக அலசிக் காய்ந்த பின், ஒரு துளி தண்ணீரைத் துணி மேல் விட்டால் அது உருண்டு நிற்காமல் உடனே உள்ளே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மறுபடி கொதிக்கவைக்க வேண்டியதுதான். துணி சுருங்க வேண்டிய அளவுக்கு இப்போதே சுருங்கிவிடும். அதன் பிறகு பன்னிரண்டு அங்குலச் சதுரங்களாக ஒன்பது வெட்டிக்கொண்டு, நான்கை வெயில் படத்துக்கென்று தனியே எடுத்து வையுங்கள். அந்த நான்கும் கடுக்காயையோ படிகாரத்தையோ தொடவே கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

செடிச் சாயம்

இந்தக் கரையின் மணலில் தரையோடு படர்ந்து வளரும் இம்பூறல் என்ற சிறு செடியின் வேர்தான் பழங்காலத்தில் தென்னாட்டுத் துணிகளுக்குச் சிவப்பு கொடுத்த சாயவேர். அதில் இருக்கும் அலிசரின் என்ற நிறப்பொருளை 1868-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் வேர் தோண்டும் தொழிலும் வேர் வணிகமும் அடங்கிப்போயின. செடி இன்றும் இருக்கிறது என்றாலும், வேருக்காகப் பிடுங்கினால் செடி போய்விடும். நூலளவே தடித்த அந்த வேர்களை ஒரு சதுரத்துக்குத் தேவையான அளவு சேர்ப்பதற்குள் ஒரு மணல்மேடே வெறுமையாகிவிடும். எனவே அதைப் பார்த்து அறிந்துகொள்வதோடு நிறுத்திக்கொண்டு, சிவப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மஞ்சிட்டியை வாங்குவதே முறை.

முதற்படி கடுக்காய். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணியை அதில் இரவு முழுவதும் ஊறவைத்து, பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்த வேண்டும். பருத்திக்கு உலோக உப்புகளைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைவு. கடுக்காயின் துவர்ப்பு அந்தக் குறையை நிறைவு செய்கிறது. மறுநாள் 15 கிராம் படிகாரத்தை இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்து, துணியை ஒரு மணி நேரம் அமிழ்த்தி எடுத்து மீண்டும் உலர்த்துங்கள். படிகாரம் வாங்கும்போது கண்ணாடி போல் தெளிந்த வெண்கட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். பழுப்பேறிய கட்டியில் இரும்பு கலந்திருக்கக்கூடும்.

மூன்றாம் நாள்தான் சாயம். 100 கிராம் துணிக்கு 60 கிராம் மஞ்சிட்டிப் பொடியை முந்திய இரவே ஊறவைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் துணியோடு சேர்த்து மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். கை பொறுக்காத சூடு இருக்கலாம், ஆனால் கொதி வரக் கூடாது. கொதித்தால் வேரில் உள்ள பழுப்பு இறங்கிச் சிவப்பைக் கெடுத்துவிடும். அடுப்பை அணைத்த பின் துணியை அதே சாற்றில் மறுநாள் வரை கிடத்தினால் நிறம் இன்னும் ஆழமாகும். செங்கல் நிறத்துக்கும் செம்மைக்கும் இடைப்பட்ட ஒரு நிறம் கிடைக்கும். ஐந்து சதுரங்களில் இரண்டை இந்த நிறத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பித்தளை, இரும்புப் பாத்திரங்களைத் தவிர்க்க வேண்டும். சாயத்துக்குப் பயன்படுத்திய பாத்திரம் எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

மூன்றாவது சதுரத்துக்குப் பல்லாரி வெங்காயத்தின் காய்ந்த தோல் போதும். துணியின் எடைக்குச் சமமான தோலை எடுத்து அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, கடுக்காயும் படிகாரமும் ஏற்றிய துணியை அதில் முக்கால் மணி நேரம் சூடாக்கினால் பொன்னிறத்திலிருந்து செம்பழுப்பு வரையிலான நிறம் வரும். மாதுளை ஓட்டிலும் இதே முறையில் அழுத்தமான மஞ்சள் கிடைக்கிறது.

நான்காவது சதுரம் கறுப்பும் சாம்பலும். இதற்கான இரும்புக் கரைசலைச் செய்வதற்குக் கடற்கரை வீடுகளில் பொருள் பஞ்சமில்லை; உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. பழைய வல்லங்களிலிருந்து கழற்றிய துருப்பிடித்த ஆணிகளைக் கால் கிலோ அளவில் ஒரு மண்கலயத்தில் போட்டு, 100 கிராம் கருப்பட்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வெயிலில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள புது ஆணிகள் இதற்கு உதவாது. கலம்காரி வரைவோர் வெல்லத்தைப் போட்டு இதையே செய்கிறார்கள். பனங்காட்டு ஊரில் கருப்பட்டியைப் போடுவதில் தவறில்லை. புளித்து நாற்றமெடுக்கும், மேலே ஏடு படியும், அவை இயல்பானவையே. வடிகட்டிய கரைசலைக் கடுக்காய் மட்டும் ஏற்றிய சதுரத்தின் மேல் தூரிகையால் இழுத்தால் கோடு கண்ணெதிரே கறுக்கும். தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து துணியை முக்கி எடுத்தால் சாம்பல் நிறம். வேலை முடிந்த உடனே நன்கு அலசிவிட வேண்டும். துணியில் தேங்கும் மிகுதியான இரும்பு நூலையே இற்றுப்போகச் செய்யும்.

செடிச் சாயம் என்றாலே நிலைக்கும் என்றும் தீங்கற்றது என்றும் பரவியிருக்கும் இரண்டு நம்பிக்கைகளையும் நான் ஏற்பதில்லை. சமையல் மஞ்சளின் நிறம் அழகாகப் பிடித்துச் சில நாள் வெயிலிலேயே வெளுத்துவிடும். பீட்ரூட்டும் செம்பருத்தியும் அலசலோடு போய்விடும். அவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுக்கு விட்டுவிடலாம். நிறத்தை மாற்றுவதற்கென்று சில செய்முறைகளில் சொல்லப்படும் மயில்துத்தம் நஞ்சு. அதைக் கழுவிய நீர் ஊருணிக்கோ கழிமுகத்துக்கோ போய்ச் சேர்ந்தால் மீனுக்குக் கேடு. வீட்டில் செய்பவர்கள் படிகாரத்தோடும் இரும்போடும் நின்றுகொள்ள வேண்டும்.

அவுரி நீலத்தை இந்தச் செய்முறையில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. காற்றுப் படாமல் தொட்டி கட்டிப் பராமரிக்கும் அது தனியே கற்க வேண்டிய கலை. மேலும் இந்த விரிப்புக்குத் தேவையான நீலத்தை வெயில் படங்களே கொடுத்துவிடும்.

நடுக் கட்டமான ஐந்தாவது சதுரத்துக்கு முடிச்சுச் சாயம் பொருந்தும். மதுரைச் சௌராட்டிர மக்களின் கைவேலையான சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைகளின் நுணுக்கம் நமக்கு உடனே வந்துவிடாது என்றாலும், மிளகை உள்ளே வைத்து நூலால் இறுகக் கட்டினால் வெள்ளைப் புள்ளிகள் விழும். கட்டிய துணியை, லிட்டருக்கு 50 கிராம் சோடா ஆஷ் (நீர் நீக்கிய சலவைச் சோடா) கரைத்த நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள். கல்லுக் கல்லாக இருக்கும் சலவைச் சோடாவில் பெரும்பங்கு நீரே என்பதால் அதை எடுத்தால் இரண்டரை மடங்குக்கு மேல் வேண்டியிருக்கும். ஆப்பச் சோடா இதற்கு ஈடாகாது. பிறகு, கொதிக்கவைக்காமலே பருத்தியில் பிடிக்கும் கடைச் சாயமான குளிர்முறை ரியாக்டிவ் சாயத்தூள் 5 கிராமைக் கால் லிட்டர் நீரில் கரைத்து ஊற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு விட்டு, முதலில் பச்சைத் தண்ணீரிலும் பின்பு சோப்பு கலந்த வெந்நீரிலும் நிறம் இறங்குவது நிற்கும் வரை அலசுங்கள். குளிர் நாடுகளில் இந்தச் சாயத்தை வெதுவெதுப்பாக வைத்துக் காக்க வேண்டியிருக்கும்; நம் ஊர் வெப்பம் அந்த வேலையை நமக்குக் குறைத்துவிடுகிறது. தூள் மூச்சில் ஏறினால் ஒவ்வாமை உண்டாகலாம் என்பதால், கரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். மின்விசிறியை நிறுத்திவிடவும் வேண்டும்.

படத்தை எடுப்பதும் திருத்துவதும்

வெயில் அச்சுக்கு ஏற்ற படம் என்பது நிறத்தால் அழகான படமன்று. ஒளியும் நிழலும் தெளிவாகப் பிரிந்த படம். பாம்பன் கரையில் உலர்த்திய வலையின் கண்ணிகள், பெரியபட்டினம் பக்கத்துப் பனைஓலைப் பெட்டியின் பின்னல், படகுப் பலகையில் உரிந்த வண்ணம், தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் பவளக்கல் சுவர்கள் ஆகியவை காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் சாய்வான வெயிலில் நன்றாக விழும். உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சுவரோவியங்கள் உள்ளன. அவற்றில் அரசரும் பணிப்பெண்களும் உடுத்திய துணிகளின் பூக்களையும் கட்டங்களையும் ஒரு குறிப்பேட்டில் வரைந்துகொண்டு வந்தால், ஒட்டுத்துணி வடிவங்களுக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. படமெடுப்பதானால் அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும், பிளாஷ் போடக் கூடாது. பாசி எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களையும் வலை பின்னுகிறவர்களையும் கேட்காமல் படமெடுப்பது எவ்விதத்திலும் சரியன்று.

படத்தை மட்டும் எடுங்கள், பொருளை எடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டிய இடங்களும் இங்கே உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பவளப்பாறைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டின் புள்ளி வடிவம் எவ்வளவு கவர்ந்தாலும் படமெடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். காரங்காட்டு அலையாத்தி மரங்களின் பட்டையில் சாயத்துக்கு உதவும் துவர்ப்பு உண்டு என்று கேள்விப்பட்டு அதை உரிப்பதும் அவ்வாறே குற்றமாகும்.

படத்தை வெட்டவும் கான்ட்ராஸ்டைக் கூட்டவும் கைப்பேசியில் ஸ்னாப்சீட் என்ற செயலி போதும். கீழே சொல்லும் மற்றவற்றுக்குக் கணினியில் இலவச மென்பொருளான கிம்ப் வசதி. நேரே வேலைக்குப் போகாமல் சிறிது நேரம் விளையாடிப் பார்ப்பதில்தான் இந்தப் பகுதியின் இன்பம் இருக்கிறது. வலைப் படத்தை எடுத்துக் கெலிடாஸ்கோப் என்ற வடிகட்டியில் போட்டால் கண்ணிகள் சுழன்று கோலமாகின்றன. பிக்சலைஸ் என்பதில் போட்டுக் கட்டத்தின் அளவைப் பெரிதாக்கினால், படகு வரிசையொன்று சில பத்து வண்ணச் சதுரங்களாகச் சுருங்கி, அடுத்து தைக்கப்போகும் பெரிய விரிப்புக்கு எந்த நிறத் துண்டு எங்கே என்ற வரைபடமாகவே ஆகிவிடுகிறது. போஸ்டரைஸ் செய்து நான்கு அல்லது ஐந்து நிலைகளாகக் குறைத்தால், எத்தனை நிறச் சாயம் காய்ச்ச வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிவிடலாம்.

அச்சுக்கு வேண்டிய எதிர்மறைப் படத்துக்கு, அதாவது கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிய படத்துக்கு வருவோம். ஏ4 தாளின் அகலம் எட்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் என்பதால், படத்தை எட்டு அங்குலச் சதுரமாக, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2400-க்கு 2400 பிக்சலாக வெட்டிக்கொள்ளுங்கள். டிசாச்சுரேட் செய்து நிறத்தை நீக்கி, கான்ட்ராஸ்டைக் கண்ணுக்குச் சற்று மிகையாகத் தெரியும் அளவுக்குக் கூட்டி, இன்வர்ட் செய்து, கடைசியாக இடவலம் புரட்டி விடுங்கள். அச்சு மை துணியைத் தொடும்படி தாளைக் கவிழ்த்து வைக்கும்போது படம் நேராக விழ வேண்டும் என்பதற்காகவே இந்தப் புரட்டல். இதை ஓஎச்பி தாள் எனப்படும் தெளிவான பிளாஸ்டிக் தாளில் அச்சிட வேண்டும். ஜெராக்ஸ் கடையின் லேசர் அச்சில் கறுப்பு போதிய அடர்த்தியாக இல்லாவிட்டால், இரண்டு பிரதிகளை ஒன்றன் மேலொன்றாகப் பொருத்தி ஒட்டிக்கொள்ளலாம்.

வெயிலில் அச்சிடுதல்

சயனோடைப் என்னும் இந்த முறையை ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி இதைக் கொண்டு கடற்பாசிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யத் தொடங்கினார் என்பது நம் கரைக்காரர்கள் மகிழ்ந்து கேட்க வேண்டிய செய்தி. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று பல வகைப் பாசிகள் இங்கே கரை ஒதுங்கிக் கிடக்கின்றன. ஆகவே நான்கு சதுரங்களில் இரண்டைக் கைப்பேசிப் படத்துக்கும் இரண்டைப் பாசிக்கும் கொடுக்கலாம். ஒதுங்கிய பாசியை நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, கிளைகளை விரித்து, செய்தித்தாள்களுக்கு இடையில் பாரம் வைத்துச் சில நாள் உலர்த்திக்கொள்ள வேண்டும். ஈரமான பாசி துணியின் மேல் கறை இறக்கும்.

கரைசல் இரண்டு. 25 கிராம் பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட்டை 100 மில்லி நீரிலும், 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடை வேறொரு 100 மில்லி நீரிலும் தனித்தனியே கரைத்து அடர்நிறப் புட்டிகளில் வையுங்கள். ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் இரண்டும் கிடைக்கும். சுத்திகரித்த குடிநீரையே பயன்படுத்த வேண்டும். ஃபெரிசயனைடைக் கடும் அமிலத்தோடு சேர்ப்பதும் சூடாக்குவதும் நச்சு வாயுவை வெளிவிடும் ஆபத்துள்ளவை; கழிப்பறை கழுவும் அமிலம் இருக்கும் இடத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது. கையுறை அணிய வேண்டும், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

மாலை வெளிச்சம் மங்கிய பின், சாளரத்தை மூடிய அறையில், மங்கலான மஞ்சள் விளக்கின் கீழ் இரண்டையும் சம அளவில் கலந்து, ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ 10 மில்லி வீதம் பஞ்சுத் தூரிகையால் துணியில் தடவி, இருட்டில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். உலர்ந்த துணி இளம்பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். கடுக்காய் ஏற்றிய துணியாக இருந்தால் தடவிய மாத்திரத்தில் கறுத்துப்போகும். இந்தக் கரைசலிலும் இரும்புதான் இருக்கிறது. நான்கு சதுரங்களைத் தனியே வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

மறுநாள் நண்பகலில், ஒரு பலகையின் மேல் துணி, அதன் மேல் எதிர்மறைத் தாள் அல்லது பாசி, அதன் மேல் கண்ணாடி என்று வரிசையாக அடுக்கி, நான்கு பக்கமும் கிளிப்பால் இறுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கண்ணாடியின் பாரத்தை மட்டும் நம்பக் கூடாது; காற்றில் தாள் மயிரிழை நகர்ந்தாலும் படம் இரட்டையாகத் தெரியும். கோடை நண்பகல் வெயிலில் எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் போதும். வாடைக் காற்றுக் கால மேகமூட்டத்தில் அரை மணிக்கு மேலும் ஆகலாம். வெயில் படும் பகுதி முதலில் நீலமாகி, பிறகு வெண்கலச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். அந்த நிறம் வந்த பின்புதான் எடுக்க வேண்டும். முழுச் சதுரத்தை வைப்பதற்கு முன்பு, கரைசல் தடவிய ஒரு துண்டுத் துணியை அட்டையால் மூடி இரண்டிரண்டு நிமிடமாகத் திறந்து பார்த்துவிட்டால், அன்றைய வெயிலின் அளவு தெரிந்துவிடும்.

எடுத்த துணியை உடனே நிழலுக்குக் கொண்டுவந்து அலசுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. காரம் இந்த நீலத்தைத் தின்றுவிடும். மழைநீர் இருந்தால் நன்று. இல்லாவிட்டால் நல்ல தண்ணீரில் லிட்டருக்குச் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு முதல் அலசலைச் செய்து, மஞ்சள் நிறம் இறங்குவது நிற்கும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நீலம் ஒரு நாளில் தானாகவே இன்னும் ஆழமாகும் என்பதால், அலசி முடித்ததும் வெளிறித் தெரிந்தால் மனம் தளர வேண்டாம்.

தைத்தல்

ஒன்பது சதுரங்களையும் தேய்த்து, பத்தரை அங்குலமாகச் சமமாக வெட்டுங்கள். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, பத்து அங்குலக் கட்டம் நிற்கும். மும்மூன்றாகச் சேர்த்து மூன்று வரிசை தைத்து, பிறகு வரிசைகளை இணைப்பது எளிது. அடுத்தடுத்த வரிசைகளில் தையல் மடிப்புகளை எதிரெதிர்ப் பக்கமாகத் தேய்த்துவிட்டால் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும்.

கடைகளில் குவில்ட் என்ற பெயரில் விற்பவற்றில் உள்ளே பஞ்சுத் தகடு இருக்கும். நம் கரையின் புழுக்கத்துக்கும் ஈரக்காற்றுக்கும் அது பொருந்தாது. காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து நடுவில் வைப்பதே சரி. வங்காளத்தின் காந்தாவும் கருநாடகத்தின் கவுதியும் பழந்துணி அடுக்குகளால் ஆனவையே. பின்பக்கத்துக்குப் பழைய கைலி ஒன்றை வைத்தால் அதன் கட்டங்கள் தையலை நேராகச் செலுத்த உதவும். மூன்றையும் சுருக்கமின்றி விரித்து, பின்னால் பிரித்துவிடக்கூடிய நீளத் தையலால் ஆங்காங்கே பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்டுத்தையலை ஒன்றரை அங்குல இடைவெளியில் வரிசையாக ஓட்டிச் செல்லுங்கள். பாசிக் கட்டங்களில் மட்டும் பாசியின் விளிம்பைப் பின்பற்றித் தைத்தால் அந்த உருவம் மேலெழும்பித் தெரியும். இறுதியில் இரண்டரை அங்குல அகலப் பட்டியை ஏறத்தாழ 130 அங்குல நீளத்துக்கு இணைத்து ஓரம் கட்டிவிடலாம்.

ஊசியையும் குண்டூசியையும் துணியில் குத்தியபடி இரவில் விட்டுவிடக் கூடாது. கடற்காற்றில் ஓர் இரவே துருவுக்குப் போதும். கடுக்காய் ஏற்றிய கட்டத்தில் துருப் பட்டால் போகாத கறுப்புப் புள்ளியாகிவிடும். ஊசிகளை மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

துவைக்கும்போது

சலவைத் தூள் எதுவும் இந்த விரிப்புக்கு ஆகாது. அதில் உள்ள சோடா வெயில் படங்களை வெளுக்கச் செய்யும், மஞ்சிட்டியின் நிறத்தையும் மாற்றும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த நீரில் மென்மையாக அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். யாரேனும் தெரியாமல் சலவைத் தூளில் ஊறவைத்து நீலம் மஞ்சளாக மங்கிவிட்டால், அந்தக் கட்டத்தைத் தூக்கி எறிய வேண்டாம். நீலம் போனாலும் இரும்பு நூலிலேயே தங்கியிருக்கும். சோடா போக நன்றாக அலசிவிட்டு, அந்தக் கட்டத்தை மட்டும் கடுக்காய்ச் சாற்றில் அரை மணி நேரம் தோய்த்து வைத்தால், மறைந்த படம் பழுப்புக் கறுப்பாகத் திரும்பி வரும்.